காட்டிலிருந்து சாலை வரை: மரம் சுமக்கும் வண்டியும் பாரந்தூக்கியும்

1901ஆம் ஆண்டில் கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று அன்று பெயர் சூட்டப்பெற்ற அதுவே 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. அதே 1901இல்தான் கூட்டு மலாய் மாநிலங்களுக்கெனக் காட்டிலாகா ஒன்றும் அமைந்தது. பர்ன் மர்டாக் என்பவர் அதன் முதல் தலைவரானார். காடும் துறையும் ஒரே ஆண்டில் ஒழுங்கு பெற்றது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே அன்று தொடங்கிய உறவு இன்றுவரை அறவில்லை. இரும்புப் பாதைக்கு அடிக்கட்டை, பாலத்துக்குத் தூண், வீட்டுக்கு உத்தரம், கப்பலுக்கு ஏற்றுமதிச் சரக்கு என்று மரம் பல வடிவில் இவ்வழியே சென்றுகொண்டிருக்கிறது.

இன்று துறைமுகத்தில் உருட்டுக் கட்டைகளைத் தேடினால் ஏமாற்றமே கிட்டும். தீபகற்ப மலேசியா 1985இல் அறுக்காத மரத்தின் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. அறுத்த பலகையாகவும் மேசை நாற்காலியாகவும் கொள்கலனுக்குள் அடைபட்டே இப்போது மரம் கடல் கடக்கிறது. பலகை ஆலையிலிருந்து துறைமுகம் வரை வழி எளிது. தார்ச்சாலை உண்டு, லோரி உண்டு. கடினமான வழி வேறொன்று. வெட்டி வீழ்த்திய மரம் காட்டுக்குள் கிடக்கும் இடத்திலிருந்து லோரி வந்து நிற்கும் இடம் வரை உள்ள சில நூறு அடித் தூரமே அது. மர வாணிபத்தில் ஆட்கள் இறந்ததும், காடு சீரழிந்ததும், செலவு ஏறியதும் பெரும்பாலும் இச்சிறு தூரத்தில்தான். இத்தூரத்தைக் கடக்க மனிதன் கண்ட வழிகளையும், அண்மைக் காலத்தில் அவற்றில் ஏற்பட்டுள்ள திருத்தங்களையும் இங்கே நோக்குவோம்.

ஒரு கட்டையின் எடை

முதலில் எடையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 60 செண்டிமீட்டர் குறுக்களவும் 5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்வோம். உருளையின் கன அளவைக் காணும் வாய்பாட்டை மாணவர் அறிவர். அதன்படி இக்கட்டை ஏறத்தாழ 1.4 கன மீட்டர். செங்கால் மரம் உலர்ந்த நிலையிலேயே கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ எடையுள்ளது; பச்சையாக இருக்கும்போது இன்னும் கனக்கும். ஆகவே நம் கட்டை ஒன்றரை டன்னை நெருங்குகிறது. குறுக்களவை இருமடங்காக்கினால் எடை இருமடங்காகாது, நான்கு மடங்காகும். கூரைக்குமேல் எழும்பி நிற்கும் மழைக்காட்டு மரங்களில் 120 செண்டிமீட்டர் குறுக்களவு அரிதன்று. அத்தகைய மரத்தின் 5 மீட்டர்த் துண்டு ஐந்தரை டன்னுக்குக் குறையாது.

இனி இழுவையைப் பார்ப்போம். தரைமீது முழுதும் படிந்து கிடக்கும் கட்டையை இழுக்க அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட விசை வேண்டும். உராய்வுதான் காரணம். போதாக்குறைக்கு, கட்டையின் முன்முனை ஏர்க்கொழுவைப்போல மண்ணில் புதைந்து போகும். ஒரு முனையை மட்டும் தூக்கிவிட்டால் தரைமீது அழுந்தும் எடை பாதியாகிறது. முனை புதைவதும் நின்றுவிடுகிறது. முழுதும் தூக்கிச் சக்கரத்தின்மேல் வைத்துவிட்டால், கெட்டியான சாலையில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு விசையே போதும். இழுப்பது, ஒரு முனை தூக்கி இழுப்பது, முழுதும் தூக்கிச் சுமப்பது என்னும் இம்மூன்று நிலைகளையும் நினைவில் கொண்டால் மரம் கொணரும் கலையின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

மனிதனே குதிரையான காலம்

மலாயாவின் சதுப்புக் காடுகளில் வழங்கிய பழைய முறைக்குக் 'குடா குடா' என்று பெயர். மலாய் மொழியில் குடா என்றால் குதிரை. ஆயினும் அங்கே குதிரை இல்லை. சேற்றின்மேல் உருட்டுக் கழிகளை ஏணிப்படிகள் போல வரிசையாகக் கிடத்தி, அவற்றின்மேல் கொழுப்போ எண்ணெயோ தடவி, மரக்கட்டையை ஒரு சறுக்குச் சட்டத்தில் ஏற்றிப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் தோளில் கயிறு மாட்டி இழுப்பார்கள். குதிரை செய்ய வேண்டியதை ஆள் செய்ததால் பெயர் பொருந்திவிட்டது போலும்! கயிறு அறுந்தாலும் கழி உருண்டாலும் கட்டைக்கு முன்னே நிற்பவன் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: காட்டுக்கு இம்முறையால் விளைந்த கேடு மிகக் குறைவு. கழிப்பாதையின் அகலம் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டாது, நிலம் அமுங்குவதில்லை, சுற்றியுள்ள இளமரங்கள் அப்படியே நிற்கும். மனிதனுக்குக் கொடிதாகவும் காட்டுக்கு மென்மையாகவும் இருந்த முறை அது.

உலர்ந்த நிலங்களில் எருமை இழுத்தது. யானை மலாயாவில் பர்மாவைப்போல் பெருவழக்காகவில்லை. நம் முன்னோர் நாட்டில் ஆனைமலைக் காடுகளில் அதன் சேவை நெடுங்காலம் நடந்தது. யானை கட்டையின் ஒரு முனையைத் துதிக்கையாலும் தந்தத்தாலும் தூக்கிப் பிடித்து இழுப்பதைப் பார்த்தவர்கள், மேலே நாம் சொன்ன இரண்டாம் நிலையை அது யாரிடமும் பாடம் கேளாமல் அறிந்திருந்ததை உணர்ந்திருப்பார்கள். பொள்ளாச்சிக்கு மேலேயுள்ள டாப் சிலிப் என்னும் ஊருக்கு அப்பெயர் வந்ததே, அங்கே உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரிவில் வழுக்கி விட்டதால்தான். அதே மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில், கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் கொண்டுவர ஒரு சிற்றிருப்புப் பாதையே போட்டது. 1907 முதல் 1963 வரை ஓடிய அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். செங்குத்தான இடங்களில் எந்திரமே கிடையாது. பாரம் ஏற்றிய வண்டி கம்பி வடத்தில் கட்டுண்டு கீழே இறங்கும். அதன் எடையே மறுமுனையில் கட்டிய வெற்று வண்டியை மேலே இழுத்துவிடும். கிணற்று ராட்டினத்தில் இரு வாளி கட்டி நீர் இறைப்பவருக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

கப்பி என்ற சொல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். மலாய் மொழியில் கப்பியைக் 'காப்பி' என்பர். கப்பல், கடை, பெட்டி முதலிய சொற்களோடு இதுவும் தமிழிலிருந்து கடலேறிச் சென்றதென அகராதியாளர் கொள்வர். பாரம் தூக்கும் கருவியின் பெயரை இந்நாட்டுக்கு முன்பே கொடுத்தவர்கள் நாம் என்று சிறிது மகிழ்ந்துகொள்ளலாம். அதற்குமேல் பெருமை பேசினால் அது ஆராய்ச்சி ஆகாது.

சிலாங்கூரின் வடக்கே, மட்கிய தழையும் மரமும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த கரிய சதுப்புக் காடு ஒன்று உண்டு. மனித முதுகுக்குப் பதிலாக அங்கே கால்வாய் வெட்டி மரத்தை மிதக்கவிட்டுக் கொணரும் வழக்கம் பின்னாளில் ஏற்பட்டது. மிதப்பதைவிட எளிதான போக்குவரத்து வேறில்லை. ஆனால் மரத்தைக் கொண்டுவந்த கால்வாய் சதுப்பின் நீரையும் வெளியே கொண்டுபோயிற்று. நீர் வடிந்த கரிமண் வறட்சிக் காலத்தில் தீப்பற்றும். மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ராஜா மூசா காட்டுப் பகுதியில் அந்தப் பழைய கால்வாய்களை அணைபோட்டு அடைக்கும் பணி 21ஆம் நூற்றாண்டில் நடந்துவருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் புகைமூட்டம் சூழும் நாட்களில் பள்ளிகள் மூடப்படுவதை அறிந்த ஆசிரியர்கள், அப்புகையின் ஒரு பகுதி மரம் இழுத்த வழியிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலையரசன் என்னும் லோரி

எந்திரம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1881இல் கலிபோர்னியாவில் ஜான் டோல்பீர் நீராவியால் சுழலும் வின்ச்சு ஒன்றைக் காட்டுக்குக் கொண்டுவந்தார். 1904இல் பெஞ்சமின் ஹோல்ட் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து செல்லும் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மலாயாவில் படையினர் விட்டுச் சென்ற லோரிகள் மலிந்து கிடந்தன. சீனப் பட்டறைக்காரர்கள் அவற்றைப் பிரித்து மேய்ந்து, வலுவான சட்டம் பொருத்தி, வின்ச்சு மாட்டி, கம்பி வடத்தால் மரத்தை இழுத்துத் தானே ஏற்றிக்கொள்ளும் ஒரு வண்டியைப் படைத்தார்கள். சான் தை வோங் என்று அதற்குப் பெயரிட்டார்கள். மலையரசன் என்பது பொருள். பொறியியற் கல்லூரியில் படியாதவர்களின் இந்தக் கைத்திறன் பாராட்டுக்குரியது. கதவும் கூரையும் இல்லாத அவ்வண்டியைச் செங்குத்தான சேற்றுப் பாதையில் இறக்கியவர்களின் துணிவும் சிறியதன்று.

ஆனால் இக்காலத்தில்தான் தொல்லை முளைத்தது. அதைப் புரிந்துகொள்ளக் காட்டிலாகாவின் திட்டத்தைச் சற்று அறிய வேண்டும். 1948 முதல் மலாயாவில் 'ஒருசீர் முறை' என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விலைபோகும் பெருமரங்கள் அனைத்தையும் ஒரே தடவையில் வெட்டிவிட்டு, தரையில் முன்பே முளைத்துக் காத்திருக்கும் நாற்றுகளிலிருந்து அடுத்த காட்டை வளர்ப்பது அதன் கருத்து. சமவெளியில் இது ஓரளவு நன்றாகவே நடந்தது. பிறகு சமவெளிக் காடுகள் ரப்பருக்கும் செம்பனைக்கும் இடம் கொடுத்துவிட, மரவெட்டு மலைக்கு ஏறிற்று. அங்கே நாற்றுகள் ஒரே சீராக முளைத்திருக்கவில்லை. முளைத்திருந்தவற்றையும் டிராக்டரின் சங்கிலியும் அது இழுத்துவரும் கட்டையும் மண்ணோடு மண்ணாக்கின. கனத்த எந்திரம் நாலைந்து முறை சென்ற தடத்தில் மண் இறுகிச் செங்கல்போல் ஆகிவிடும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடி மண்ணை அரித்துச் செல்லும். அத்தடத்தில் பல ஆண்டுகள் மரம் எழும்புவதில்லை.

ஆகவே 1978இல் 'தேர்ந்து வெட்டும் முறை' வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மரங்களையே வெட்ட வேண்டும்; ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் வரும் அடுத்த வெட்டுக்காக எக்டேருக்கு 30 முதல் 45 செண்டிமீட்டர் குறுக்களவுள்ள நல்ல மரங்கள் 32 ஆவது நிற்க வேண்டும் என்று அது விதித்தது. வெட்டுபவன் விட்டுவைத்தாலும் இழுப்பவன் உராய்ந்து பட்டையை உரித்துவிட்டால் அந்த 32இன் கணக்கு ஏட்டிலேதான் நிற்கும். பட்டை உரிந்த இடத்தில் பூசணமும் பூச்சியும் புகுந்து, முப்பது ஆண்டு கழித்து உள்ளே பொந்து விழுந்த மரமே கிடைக்கும். இழுக்கும் எந்திரம் வெட்டிய மரத்துக்கு மட்டும் உரியதன்று. வெட்டாத மரத்தின் விதியும் அதன் கையில் இருக்கிறது. காட்டை உடையவன் ஓர் எந்திரத்தை வாடகைக்கு அமர்த்துமுன் கேட்க வேண்டிய கேள்வி, அது ஒரு நாளில் எத்தனை டன் இழுக்கும் என்பதன்று. அது சென்ற பின் எத்தனை மரம் காயமின்றி நிற்கும் என்பதே.

இக்கேள்விக்கு மலேசியாவிலேயே பிறந்த விடை ஒன்றுண்டு. 'ரிம்பாகா' என்ற பெயரால் அறியப்படும் எந்திரம் அது. மீன் பிடிப்பவன் தூண்டில் வீசுவது போன்ற தோற்றத்தால் 'லாக் பிஷர்' என்றும் கூறுவர். மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரின் வாளியைக் கழற்றிவிட்டு, நீண்ட கையும் வின்ச்சும் பொருத்தியிருப்பார்கள். எந்திரம் காட்டுப்பாதையின் ஓரத்திலேயே நிற்கும். கம்பி வடத்தை மட்டும் நூறு மீட்டருக்கும் அப்பால் காட்டுக்குள் கொண்டுசென்று கட்டையில் மாட்டுவார்கள். கை உயரத்தில் இருப்பதால் இழுக்கும்போது கட்டையின் முன்முனை மேலெழும்புகிறது. எருமையும் டிராக்டரும் கட்டையைத் தேடிப் போயின. இங்கே கட்டை எந்திரத்தைத் தேடி வருகிறது. சக்கரமும் சங்கிலியும் காட்டுக்குள் புகாததால் உள்தடங்கள் வெகுவாகக் குறைகின்றன. பகாங்கின் பெக்கான் சதுப்புக் காட்டிலும் மலைக்காடுகளிலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது. யானையின் துதிக்கை இரும்பாகி மீண்டு வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

எண்ணெய் தூக்கும் பாரம்

இனிப் பாரந்தூக்கிக்கு வருவோம். அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்னும் பாஸ்கல் விதியை உயர்நிலைப் பள்ளி மாணவர் படிக்கின்றனர். 1795இல் ஜோசப் பிராமா அவ்விதியைக் கொண்டு அழுத்து எந்திரம் செய்தார். 1846இல் வில்லியம் ஆம்ஸ்டிராங் நியூகாசில் துறையில் நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கியை நிறுவினார். அதாவது, இக்கருவி முதலில் துறைமுகத்தில் பிறந்து, நூறாண்டு கழித்தே காட்டுக்குச் சென்றது. சுவீடனில் ஹூடிக்ஸ்வால் என்ற ஊரில், பனிச்சறுக்குப் பலகை செய்துவந்த எரிக் சுண்டின் என்பவர், லோரியின் எஞ்சினையே கொண்டு எண்ணெயை அழுத்தி, லோரியின் மேலேயே ஒரு பாரந்தூக்கியை இயக்கலாமே என்று எண்ணினார். 1944இல் அவர் தொடங்கிய தொழிலே ஹியாப் என்று உலகறிந்த நிறுவனமாயிற்று. பலகை செய்தவர் பாரம் தூக்கும் வழியைக் கண்டது வியப்பன்று. மரம் ஏற்றும் துன்பம் அவருக்கு அண்டை அயலில் தெரிந்த துன்பம்.

இதன் ஆற்றலை ஒரு கணக்கால் காட்டலாம். 8 செண்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தண்டு, தேநீர்க் கோப்பையின் வாயளவே இருக்கும். அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செண்டிமீட்டர். சதுர செண்டிமீட்டருக்கு 200 கிலோ வீதம் எண்ணெய் அழுத்தினால் அத்தண்டு 10 டன் விசையோடு முன்னே தள்ளும். பத்து டன்னா என்று வியக்க வேண்டாம். அவ்வளவும் கட்டையைத் தூக்கப் பயன்படுவதில்லை. தண்டு, கையின் அடிப்பகுதியில் சுழலும் புள்ளிக்கு மிக அருகே தள்ளுகிறது. கட்டையோ நெடுந்தொலைவில் தொங்குகிறது. நெம்புகோலில் இது நமக்குப் பாதகமான பக்கம்.

எனவே பாரந்தூக்கியை அளப்பவர் டன்னால் அளப்பதில்லை. டன்னையும் மீட்டரையும் பெருக்கி அளப்பர். 4 டன் மீட்டர் திறனுள்ள ஒன்று, 2 மீட்டர் தொலைவில் 2 டன் தூக்கும்; 4 மீட்டரில் 1 டன்; 6 மீட்டரில் 670 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதிலும் கட்டையைப் பற்றும் கவ்வியின் எடையைக் கழிக்க வேண்டும். கவ்வி 150 கிலோ என்றால் மிஞ்சுவது 500 கிலோவே. 'இரண்டு டன் தூக்கும்' என்று விற்பவன் சொல்வது பொய்யன்று. ஆனால் எத்தனை மீட்டரில் என்று கேளாமல் வாங்கினவன் ஏமாந்தவனே. பாரந்தூக்கியின் தூணில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டில் இவ்வளவுகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அத்தகட்டைச் சேறு மூடியிருப்பதைத்தான் நாம் பெரும்பாலும் காண்கிறோம்!

சிற்றுடைமையாளரின் வண்டி

சுவீடனில் காட்டில் ஏறத்தாழப் பாதி தனிக் குடும்பங்களுக்குச் சொந்தம். பின்லாந்தில் பாதிக்கும் மேல். அங்கே ஒரு குடியானவன் கோடையில் வயலை உழும் டிராக்டரையே குளிர்காலத்தில் காட்டுக்கு ஓட்டிச் செல்கிறான். அவனுக்கெனவே, டிராக்டரின் பின்னே மாட்டும் சிறு டிரெய்லரும் அதன் முகப்பில் நிற்கும் சிறு பாரந்தூக்கியும் வளர்ந்தன. பெரிய நிறுவனங்களின் எந்திரங்களைவிட இச்சிறு வண்டிகளில் நிகழ்ந்த திருத்தங்களே எனக்குச் சுவையாகப் படுகின்றன. ஏனெனில் அவை வலிமையைக் கூட்டுவதைவிடத் தொல்லையைக் குறைப்பதையே நோக்கின.

சக்கரத்தை முதலில் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு சக்கரமாக இருந்தபோது, 40 செண்டிமீட்டர் அடிக்குற்றியின்மேல் ஏறினால் வண்டியின் அந்தப் பக்கம் முழு 40 செண்டிமீட்டரும் எழும்பும், பாரத்தோடு குடைசாயும். பக்கத்துக்கு இரு சக்கரங்களை ஒரு துலாச் சட்டத்தின் இரு முனையில் மாட்டி, சட்டத்தின் நடுவை மட்டும் வண்டியோடு இணைத்தபோது நிலை மாறியது. ஒரு சக்கரம் 40 செண்டிமீட்டர் ஏறினாலும் சட்டத்தின் நடு 20 செண்டிமீட்டரே உயர்கிறது. ஏற்றத்தாழ்வுப் பலகையில் நடுவில் நிற்கும் சிறுவன் மிகக் குறைவாக அசைவதை ஒத்தது இது. எடை நான்கு அகன்ற சக்கரங்களில் பகிரப்படுவதால் மண்ணும் குறைவாக அமுங்கும்.

அடுத்தது வளைவு. பின்னே வரும் வண்டி டிராக்டரின் தடத்திலேயே வருவதில்லை. உட்பக்கமாகக் குறுக்கிச் செல்லும். குறுக்கும்போது உட்பக்கத்து மரத்தின் பட்டையைச் சிராய்க்கும். இழுகோலைப் பக்கவாட்டில் திருப்பும் எண்ணெய்த் தண்டுகள் பொருத்தியபின், ஓட்டுநர் டிரெய்லரை மரத்தைவிட்டு விலக்கி ஓட்ட முடிகிறது. மேலே சொன்ன 32 மரங்களை நினைவுகூர்ந்தால் இச்சிறு திருத்தத்தின் பெருமை விளங்கும். சேற்றில் டிராக்டரின் சக்கரம் வழுக்கினால் டிரெய்லரின் சக்கரத்தையும் தள்ளச் செய்யும் உருளைகளும் எண்ணெய் மோட்டார்களும் பின்னர் வந்தன. கையின் நுனி குழாய்க்குள் குழாயாக நீளும்படி அமைந்ததால் வண்டி சாலையைவிட்டு இறங்காமலே எட்டிப் பிடிக்க இயலுகிறது. கவ்வி எத்திசையும் சுழல்கிறது. குழாய் வெடித்தாலும் பாரம் பொத்தென்று விழாதபடி எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் அடைப்பிதழ் வந்ததை எல்லாவற்றிலும் தலையாயதாகச் சொல்வேன். தூக்கும்போது வண்டி சாயாமல் தரையில் ஊன்றிக்கொள்ளும் இரும்புக் கால்களும் அவ்வகையைச் சேர்ந்தனவே.

நம் பால்மரம்

மலேசியாவில் காடு மாநில அரசுகளின் உடைமை. குடியானவனுக்குக் காடு இல்லை. ஆயினும் மரம் உடைய சிற்றுடைமையாளர் இங்கே ஏராளம்: பால்மரம் வைத்திருப்பவர்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சேமித்த பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கிற்று. பால் வெட்டியவரே மரத்துக்கும் பங்காளரானார்.

அன்று பால் நின்ற கிழட்டு மரத்துக்கு மதிப்பில்லை. புகைக்கூடத்தில் ரப்பர்த் தகடு உலர்த்தவும் சூளை எரிக்கவும் விறகாயிற்று. மிஞ்சியதை நின்ற இடத்திலேயே கொளுத்தினார்கள். கெப்போங்கில் 1929 முதல் இயங்கிவரும் காட்டாராய்ச்சி நிலையத்திலும் பிற இடங்களிலும் நடந்த ஆய்வுகளின் பயனாக, 1970களின் பிற்பகுதியிலிருந்து அம்மரம் மேசை நாற்காலிக்கு உகந்ததாக ஏற்றம் பெற்றது. உலர்ந்த நிலையில் கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ, அறுக்க எளிது, நிறமும் வெளிறிய அழகுடையது. ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் பாலுக்கும் பலகைக்கும் ஒருசேர உதவும் புதிய இனங்களையே உருவாக்கினார்கள்.

ஒரு குறை மட்டும் உண்டு. பால்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய ஓரிரு நாளிலேயே நீலக்கறைப் பூசணம் பற்றத் தொடங்கும், துளைவண்டும் வரும். அதற்குள் ஆலைக்குக் கொண்டுசென்று அறுத்து, போரான் உப்பை அழுத்தத்தோடு ஏற்றி, சூளையில் உலர்த்தியாக வேண்டும். மழையில் லோரி இறங்க முடியாமல் மூன்று நாள் கிடந்த கட்டை, நாற்காலி ஆகவேண்டியது விறகாகிவிடும். விலை வேறுபாடு முழுதும் உடைமையாளரின் நட்டம். போக்குவரத்து இங்கே மரத்தின் இனத்தையே மாற்றுகிறது எனலாம்.

25 செண்டிமீட்டர் குறுக்களவும் 1.8 மீட்டர் நீளமும் உள்ள பச்சைப் பால்மரக் கட்டை ஏறத்தாழ 80 கிலோ இருக்கும். இருவர் தோளில் ஏற்றலாம் என்பதே இதன் கேடு. ஐந்து டன் கட்டையை யாரும் தோளில் ஏற்றத் துணியார். எண்பது கிலோவை ஏற்றுவர், நாளுக்கு நூறு முறை ஏற்றுவர், நாற்பது வயதில் முதுகு ஒடிந்து உட்காருவர். சரியாக இந்த அளவுக் கட்டைக்கே வடநாட்டுக் குடியானவனின் சிறு பாரந்தூக்கி ஏற்றது. மேலே கணக்கிட்ட 4 டன் மீட்டர்க் கருவி, 6 மீட்டர் எட்டி ஒரே பிடியில் இத்தகைய கட்டைகள் ஐந்தாறைத் தூக்கி அடுக்கும். சேற்றில் லோரி இறங்க வேண்டியதில்லை. அகன்ற சக்கர டிரெய்லர் சாலை வரை கொணர்ந்து லோரிக்கு மாற்றித் தரும்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்துமென்று சொல்லமாட்டேன். படிக்கட்டு வெட்டிய மலைத்தோட்டத்தில் பக்கவாட்டில் எட்டித் தூக்கினால் வண்டி கவிழும். அங்கே கம்பி வடமே நல்லது. அடுத்த நடவுக்கு முன் வேரோடு பெயர்க்க எக்ஸ்கவேட்டர் எப்படியும் வருமாதலால், அதற்கே கவ்வி மாட்டிக்கொள்ளும் ஒப்பந்தக்காரரும் உளர். மலிவான வழிதான், ஆனால் சங்கிலி மண்ணை மிதித்துச் செல்லும் தடத்தில் புதுக்கன்று நட வேண்டியிருப்பதை மறக்கலாகாது. மேலும், மூன்று ஏக்கர் உடையவர் இருபத்தைந்து முப்பது ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும் மரத்துக்காக ஒரு வண்டி வாங்குவது அறிவுடைமையன்று. ஒரு வட்டாரத்தின் மறுநடவுகளை வரிசைப்படுத்தி, ஒரே வண்டி ஆண்டு முழுதும் தோட்டம் தோட்டமாகச் செல்லும்படி கூட்டுறவாக வைத்துக்கொண்டால்தான் கணக்குக் கட்டிவரும். நிலத்தையே கூட்டாக வாங்கியவர்களுக்கு ஒரு வண்டியைக் கூட்டாக வாங்குவது அரிய செயலாகாது.

வண்டியை அமர்த்துவோர் பார்க்க வேண்டியவை சில. தூணிலுள்ள தகட்டைத் துடைத்து, முழு எட்டில் எத்தனை கிலோ என்று படித்துக்கொள்ள வேண்டும். இரும்புக் கால்கள் ஊன்றும் இடத்தில் பலகை போடச் சொல்ல வேண்டும். மழை பெய்த தோட்ட மண்ணில் வெறுங்கால் புதைந்துவிடும். மேலே மின்கம்பி செல்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கை சுழலும் வட்டத்துக்குள் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நிற்கலாகாது. முதற்கட்டை ஏறிய நேரத்தையும் கடைசி லோரி புறப்பட்ட நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது நல்லது. கறை பிடித்தது தோட்டத்திலா ஆலை வாசலிலா என்ற வழக்கு எழும்போது, எடைச்சீட்டோடு அந்த நோட்டும் துணை நிற்கும்.